இன்னும் பத்துக் கிலோ

ஏப்ரல் கடைசியில் எங்கள் மாகாணப் பத்திரிகையில் பள்ளி பேஸ்பால் அணிகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வரும். இந்தப் பருவத்தில் யார் தேறுவார்கள், யார் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போவார்கள் என்று அணிக்கு ஆறு வரி. எழுதுவது நான். 1986இல் ஹமாசோரி வணிகப் பள்ளிக்கு எழுதியது இது:

“போன வருடம் மாகாண இறுதி ஆட்டம்வரை போன ஒன்பது பேரில் ஒருவன்கூட மிச்சமில்லை. எல்லோரும் பள்ளி முடித்துப் போய்விட்டார்கள். அணியை அடியிலிருந்து கட்ட வேண்டும். நம்பிக்கை முதலாம் ஆண்டுப் பையன்கள் இருவர் மேல். இடக்கையால் பந்தெறியும் குமகாய், அவன் எறிவதைப் பிடிக்கும் கேட்சர் ஓய்கவா. குமகாய்க்கு இன்னும் பத்துக் கிலோ எடை ஏறினால் இந்த மாகாணத்தில் அவன் பந்தைத் தொட ஆளிருக்காது.”

கடைசி வரியை எழுத எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். பயிற்சியாளர் சகுராபா அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் எடை பார்க்கும் கருவிக்கு மேலே ஒட்டினார். “இன்னும் பத்துக் கிலோ” என்பதன் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டார்.

அந்தக் கூடத்தில் பன்னிரண்டு வருடம் சோறு போட்டவர் நிகாய்தோ தெரூயோ. நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி.

அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. குட்டையான, அகன்ற தோள் கொண்ட பெண். அதற்கு முன் மீன் டப்பா தொழிற்சாலையில் கானாங்கெளுத்தி அறுத்தார். அங்கே மேஸ்திரி ஒருவன் இருந்தான். வேலை மெதுவாகப் போனால் பெண்களின் பின்கழுத்தில் நனைந்த கயிற்றால் அடிப்பான். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அடிபட்டு அறுக்கும் மேசை மேலேயே கவிழ்ந்தபோது, தெரூயோ மீன்பெட்டி இழுக்கும் இரும்புக் கொக்கியைத் திருப்பிப் பிடித்து அவன் மணிக்கட்டில் போட்டார். எலும்பு இரண்டாக உடைந்தது. மேஸ்திரி அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பினான். தெரூயோ திரும்பவில்லை. துறைமுகத்தில் ஒரு கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. விடிவதற்கு முன் எழுந்து நாற்பது பையன்களுக்குச் சமைக்க வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் பள்ளி விடுதி அவரை எடுத்துக்கொண்டது.

பையன்கள் அவரை அத்தை என்று கூப்பிட்டார்கள். அவர் எல்லோரையும் திட்டிக்கொண்டே சோறு போடுவார்.

சோறு என்றால் சாப்பாடு இல்லை அங்கே. அதுவும் பயிற்சி. இரவுச் சாப்பாட்டுக்கு ஒவ்வொருவனும் மூன்று கிண்ணம் முடிக்க வேண்டும். கிண்ணத்துக்கு நானூறு கிராம். தெரூயோ ஒவ்வொன்றையும் தராசில் வைத்து நிறுத்துக் கொடுப்பார். முதலாம் ஆண்டுப் பையன்கள் பதினாலு பேரின் முதுகுக்குப் பின்னால் மூன்றாம் ஆண்டு அண்ணன்மார் மட்டையோடு நிற்பார்கள். வாய் நின்றால் மட்டையின் நுனி விலாவில் இடிக்கும். சாயங்காலம் மூன்று மணியிலிருந்து எட்டு மணிவரை ஓடிவிட்டு, நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் அனுமதி இல்லாமல் வந்து உட்கார்ந்த பையன்கள். தண்ணீர் குடித்தால் மனவலிமை கரைந்துவிடும் என்பது சகுராபாவின் சித்தாந்தம். உடம்பில் நீர் எங்கே போகிறது, உப்பு எங்கே போகிறது என்று உயிரியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதே பள்ளியில் காலையில் அந்தப் பாடத்தை நடத்துவார்கள். சாயங்காலம் மைதானத்தில் அது செல்லாது.

“அத்தே, இது சோறா சிமெண்டா?” என்று ஓய்கவா முதல் வாரத்தில் ஒருநாள் கேட்டான். தடித்த கழுத்தும் எப்போதும் சிரிக்கும் வாயும் உள்ள பையன்.

“சிமெண்டுன்னா மூணாவது கிண்ணம் உனக்கு எதுக்கு? செவுரா எழுப்பப் போற?” என்றார் தெரூயோ.

“எனக்கு வேண்டாம் அத்தே. குமகாய்க்குக் குடுங்க. அவன்தான் காத்து அடிச்சா பறந்துருவான்.”

“பேசாம தின்னுடா.” பின்னால் நின்ற நுமதா மட்டையால் அவன் தலையில் தட்டினான். நுமதா அணித்தலைவன். மூன்றாம் ஆண்டு. மூன்று வருடப் பள்ளி, மாகாணப் போட்டி நடப்பது கோடையில்; அவனுக்கு இது கடைசிக் கோடை.

குமகாய் சிரிக்கவில்லை. அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் உள்ளே போனது வெளியே வரும்.

ஒரு மீட்டர் எழுபத்து நாலு உயரம், ஐம்பத்தெட்டு கிலோ. இரண்டாவது கிண்ணத்தின் பாதியில் அவனுக்குக் கண் கலங்கும். மூன்றாவதை முடித்துவிட்டு, நன்றி சொல்லித் தலைவணங்கி எழுந்து, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சாக்கடைக்குப் போய்க் கடைசியில் போனதைக் கக்குவான். சத்தம் வராமல் கக்கப் பழகியிருந்தான். மே மாத நடுவில் ஒருநாள் தெரூயோ அங்கே பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டப் போனபோது, வெள்ளைச் சோற்றின் நடுவே ரத்த நூல் ஓடுவதைப் பார்த்தார்.

“எத்தன நாளா இது?”

“இல்லத்தே, இன்னிக்குத்தான்.”

“பொய் சொல்லாத. சாக்கடை எனக்குச் சொல்லும்.”

“அண்ணன்மாருகிட்ட சொல்லிடாதீங்க அத்தே. தயவுசெஞ்சு.”

அடுத்த நாளிலிருந்து தெரூயோ ஒரு காரியம் செய்தார். குமகாயின் இரண்டாவது, மூன்றாவது கிண்ணங்களின் அடியில் அரிசி மதுவான சாகே குடிக்கும் சின்னப் பீங்கான் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் சோற்றைக் குவித்தார். தராசில் வைத்தால் நானூறு காட்டும். மேலிருந்து பார்த்தால் மலை. கோப்பை வெளியே தெரியும் நேரம் பார்த்து, கிண்ணத்தை எடுக்க வருவதுபோல் வந்து வாங்கிக்கொள்வார். குமகாய் கக்குவதை நிறுத்தினான். இரவில் தூங்கினான். பந்தின் வேகம் கூடியதாகக்கூட ஓய்கவா சொன்னான்.

ஆனால் சனிக்கிழமை காலை எடை பார்ப்பார்கள். தெரூயோ அதை யோசிக்கவில்லை. யோசிக்காமல் இல்லை, குறையாது என்று நினைத்தார். கக்காமல் இருந்தாலே போதும், உடம்பில் ஒட்டும் என்று நினைத்தார். ஐந்து மணி நேரம் ஓடும் பையனுக்கு அது போதவில்லை. முதல் சனிக்கிழமை ஐம்பத்தேழு புள்ளி ஆறு. இரண்டாவது சனிக்கிழமை ஐம்பத்தேழு.

சகுராபா கருவியின் முள்ளைப் பார்த்தார். பிறகு மேலே ஒட்டியிருந்த என் வரியைப் பார்த்தார்.

“தெரூயோக்கா, இவனுக்குச் சரியாத்தானே நிறுத்துப் போடுறீங்க?”

“நானூறு நானூறாத்தான் போடுறேன். தராசு உங்க கண்ணு முன்னாலதானே இருக்கு.”

“அப்ப இவன் மனசுலதான் கோளாறு.” குமகாயைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். “ஊர்ல எல்லாரும் உன்னப் பத்திப் பேசுறாங்க. பத்திரிகையில எழுதுறாங்க. உனக்கு ரோசம் இல்ல.” பிறகு நுமதாவைப் பார்த்தார். “முதலாம் ஆண்டுப் பசங்க ஒத்துமையா இல்ல. ஒருத்தன் தளர்றான், மத்தவன் வேடிக்கை பாக்குறான். நீ பாத்துக்க.”

இவ்வளவுதான் அவர் சொன்னார். பின்னால் விசாரணையில் கேட்டபோதும், அடிக்கச் சொல்லி ஒரு வார்த்தைகூடத் தான் சொல்லவில்லை என்றார். உண்மைதான். அவர் சொல்லவே வேண்டாத மாதிரி அந்த ஏற்பாடு எப்போதோ செய்து முடிக்கப்பட்டிருந்தது.

மட்டைகளும் வலைகளும் வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் முதலாம் ஆண்டுப் பையன்கள் பதினாலு பேரையும் ஏழு ஏழாக இரண்டு வரிசையாக, முகத்துக்கு முகம் நிறுத்தினார்கள். எதிரில் நிற்பவனை நீ அறைய வேண்டும். அவன் உன்னை அறைவான். மெதுவாக அடித்தால் அண்ணன் வந்து எப்படி அடிப்பது என்று உன் கன்னத்தில் காட்டுவான். இது எங்கள் ராணுவத்தின் வழக்கம். தேசம் போரில் தோற்றது, சாம்ராஜ்யம் போனது, ராணுவத்தைக் கலைத்தார்கள், சீருடைகளைக் கிழித்துக் கந்தலாக்கித் தரை துடைத்தார்கள். இந்த அறை மட்டும் கலைக்கப்படவில்லை. அது பள்ளி மைதானங்களில் வேலை தேடிக்கொண்டது. நான் படித்த பள்ளியிலும் வாங்கியிருக்கிறேன். வாங்கியதைப் பெருமையாக மேடையில் சொல்லிச் சிரித்த கிழவர்களின் பேச்சைக் குறிப்பெடுத்து அச்சில் போட்டிருக்கிறேன்.

கொட்டகை சமையலறை ஜன்னலிலிருந்து இருபதடி. இப்படி நடக்கும்போதெல்லாம் தெரூயோ குழாயைத் திறந்துவிடுவார். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தில் மற்றது கேட்காது. பன்னிரண்டு வருடம் அப்படித் திறந்துவிட்டிருக்கிறார். அன்றைக்கும் கை குழாய்க்குப் போனது. திறக்கவில்லை. அடி எதற்கு விழுகிறது என்று அன்று அவருக்குத் தெரியும்.

குமகாயின் எதிரில் ஓய்கவா. முதல் அறையை அவன் மெதுவாகத்தான் கொடுத்தான். நுமதா அவனை இழுத்துத் திருப்பி, “இதுதான் அறையா? கொசு அடிக்கிறியா?” என்று கேட்டு அவன் கன்னத்தில் அடித்துக் காட்டினான். ஓய்கவாவின் உதடு கிழிந்தது. இரண்டாவது, மூன்றாவது. குமகாயும் அடித்தான், அவனையும் விடவில்லை. ஆறாவதோ ஏழாவதோ, ஓய்கவாவின் வலது உள்ளங்கை குமகாயின் இடது காதின் மேல் தட்டையாக, முழுதாக விழுந்தது. பலகை உடைவது போன்ற சத்தம் ஜன்னல்வரை கேட்டதாகத் தெரூயோ சொன்னார். குமகாய் சுற்றிக்கொண்டு விழுந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. எழ முயன்றான், முடியவில்லை, தரை அவனுக்குச் சாய்ந்துகொண்டே போயிருக்கும். இடக்கையை ஊன்றினான்.

“நடிக்காத. எந்திரி.” நுமதா ஊன்றிய கையை உதைத்தான். ஆட்டத்துக்குப் போடும் இரும்பு முள் வைத்த காலணி. முழங்கை மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியது.

தெரூயோ ஓடிப்போய்ச் சேர்ந்தபோது இரண்டு வரிசையும் கலையாமல் நின்றது. ஓய்கவா தன் வலது கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஒருவரும் நிறுத்தச் சொல்லாததால் கடைசியில் நின்ற ஜோடி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சகுராபா ஒரு தாளோடு சமையலறைக்கு வந்தார். குமகாய் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வரும்போது சமையலறையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தான், பானை முழங்கை மேல் விழுந்தது, தலை தொட்டியில் மோதிக் காதில் அடிபட்டது என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் தலைமையாசிரியரின் பெயர் முத்திரை இருந்தது. சகுராபாவின் முத்திரை இருந்தது. மூன்றாவது வட்டம் காலியாக இருந்தது. சமையலறைப் பொறுப்பாளரின் முத்திரைக்கான இடம். அது இல்லாமல் தாள் செல்லாது. செவ்வாய்க்கிழமைக்குள் பள்ளி பேஸ்பால் சம்மேளனத்துக்குப் போக வேண்டும்.

காரணம் இந்த நாட்டில் பள்ளி பேஸ்பால் விளையாடிய எல்லோருக்கும் தெரியும். அணியில் அடிதடி என்று சம்மேளனத்துக்குத் தெரிந்தால் அடித்தவனை மட்டும் விலக்க மாட்டார்கள். முழு அணியையும் விலக்குவார்கள். ஒருவன் குற்றம் எல்லோர் குற்றம். ஒழுக்கத்துக்காகச் செய்த ஏற்பாடாம். அதன் பலன் என்ன? அடிபட்டவன் வாயைத் திறந்தால் நாற்பது பேரின் கோடையை அழித்த துரோகி ஆகிவிடுகிறான். உலகத்தில் அடிப்பவனைக் காப்பாற்ற இதைவிடக் கெட்டிக்காரத்தனமான சட்டத்தை யாரும் செய்ததில்லை.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாது தெரூயோக்கா,” என்றார் சகுராபா. “தரை ஈரமா இருந்துச்சு, அவ்வளவுதான். ஒரு கண்டிப்பு வரும். நான் பாத்துக்கறேன்.”

“தரை ஈரமா இல்ல. நான் தொடச்சு வச்சிருந்தேன்.”

“நாப்பது பசங்க. மூணாம் ஆண்டுப் பசங்க ஒம்பது பேருக்கு இதான் கடைசி. உங்க கையால சோறு தின்ன பசங்க.”

“அதான் சொல்றேன். என் கையாலதான் தின்னாங்க.”

அவர் தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் நுமதா வந்தான். வந்தவன் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தான். மொட்டையடித்த தலையில் பழைய தழும்புகள் மூன்று இருந்தன. அந்த மூன்றும் எப்போது விழுந்தவை என்று தெரூயோவுக்குத் தெரியும். அவன் முதலாம் ஆண்டில் இருந்தபோது.

“எழுந்திரு. தரைய இப்பத்தான் கழுவினேன்,” என்றார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார். குமகாயின் கை தோளிலிருந்து விரல்வரை கட்டுக்குள் இருந்தது. காதில் பஞ்சு. அவர் பேசுவதைக் கேட்க அவன் முகத்தை முழுதாகத் திருப்பி வலது காதைக் காட்டினான்.

“குத்திடுங்க அத்தே. நான் டாக்டர்கிட்டயும் வழுக்கி விழுந்தேன்னுதான் சொன்னேன்.”

“கை என்ன ஆச்சு உனக்கு? இனிமே எறிவியா?”

“தெரியல.” கட்டைப் பார்த்துக்கொண்டே, “எறிய மாட்டேன்னு நெனைக்கிறேன்,” என்றான். “அதனாலதான் சொல்றேன். எனக்குப் போச்சு. அவங்களுக்காவது இருக்கட்டும். இல்லன்னா எல்லாம் என்னாலன்னு ஆயிடும். ஓய்கவாவ போலீசு கூப்பிடும். அவன் என்ன செஞ்சான்? நானும்தான் அவன அடிச்சேன்.”

“உன் கிண்ணத்துல கோப்பைய வச்சது நான். அதனாலதான் எடை இறங்குச்சு. அது தெரியுமா உனக்கு?”

“அது நல்லா இருந்துச்சு அத்தே,” என்றான் குமகாய். “அந்த ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு.”

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். ரப்பர் செருப்போடும் சமையல் துணியோடும். முத்திரை குத்தாத தாளை என் மேசைமேல் விரித்தார்.

“பத்துக் கிலோன்னு எழுதுனது நீங்கதானே?”

“ஆமாம்.”

“உங்களத் திட்ட வரல. எழுதத் தெரிஞ்சவரு வேணும். உக்காருங்க.”

என் அலுவலகத்தில் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருடத்தையும் சொன்னார், குழாயைத் திறந்துவிட்டது உட்பட. நடுவில் நான், “இதெல்லாம் கண்ணால பாத்தீங்களா? பையனே இல்லேங்கறானே,” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் காது சூடானது.

“பதினோரு வயசுல எனக்கும் நடந்துச்சு,” என்றார். “போர் நேரம். ராணுவத்துல சார்ஜெண்டா இருந்தவரு வாத்தியாரா வந்தாரு. வேலியோரமா ரெண்டு வரிசை. எனக்கு எதிர்ல ஹருனோ. ஒரே தெரு நாங்க. மொதல்ல பாவமா இருக்கும், மெதுவா அடிப்பீங்க. நாலாவது அறையில கோவம் வந்துரும். இவ ஏன் இவ்வளவு பலமா அடிக்கறான்னு. அதுக்கப்புறம் யாரும் சொல்லவே வேண்டாம். அடிக்கச் சொன்னது யாருன்னே மறந்துபோயிடும். அந்தாளு மர நிழல்ல உக்காந்து சிகரெட் குடிச்சிட்டிருந்தாரு. நான் அதுக்கப்புறம் வெறுத்தது ஹருனோவ. அந்தாள இல்ல. நாப்பது வயசு ஆச்சு எனக்கு இது புரிய.”

நான் சம்மேளன அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். பத்திரிகைக்காரன் பேசியதால் வந்தார்கள். தெரூயோ தனியாகப் பேசியிருந்தால் வந்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

வியாழக்கிழமை பள்ளியின் கூட்ட அறையில் மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். நான் நடைபாதையில் நின்றேன். கதவு முழுதாக மூடவில்லை. குமகாய் தவிர மற்றப் பையன்கள் முப்பத்தொன்பது பேரும் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். மூத்தவர்களிலிருந்து ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

“குமகாய் எப்படி விழுந்தான்?”

“வழுக்கி விழுந்தான்.”

“எங்கே?”

“சமையலறையில்.”

“என்ன தூக்கிக்கொண்டு?”

“சோற்றுப் பானை.”

முப்பத்தெட்டு தடவை இதே மூன்று பதில். ஒருவன் கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே “சோற்றுப் பானை” என்றான். கேட்டவர்கள் எழுதிக்கொண்டார்கள். தெரூயோ உள்ளே ஒரு மூலையில் நாற்காலியில் இருந்தார். நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஒருமுறை அவர் பக்கம் திரும்பி, “அம்மா, முன்னாடி ஒரு தொழிற்சாலையில நீங்க ஒருத்தர் கைய உடைச்சீங்களாமே,” என்று கேட்டார். சகுராபா நேரத்தை வீணாக்கியிருக்கவில்லை.

“ஆமா, உடைச்சேன்,” என்றார் தெரூயோ. “அத நான் வழுக்கி விழுந்தான்னு சொல்லல.”

ஓய்கவாவைக் கடைசியில் நிறுத்தியிருந்தார்கள். முப்பத்தெட்டு பேர் ஒன்றைச் சொன்ன பிறகு முப்பத்தொன்பதாவது ஆள் வேறு சொல்ல மாட்டான் என்று கணக்கு. அவன் என்னைத் தாண்டி உள்ளே போனபோது வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தான்.

“குமகாய் எப்படி விழுந்தான்?”

இரண்டாம் முறை கேட்டார்கள்.

“நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்,” என்றான் ஓய்கவா. “ஜன்னல் பக்கமா நின்னு கூப்பிட்டேன். இடது பக்கம். அவன் திரும்பல. மறுபடியும் கூப்பிட்டேன். திரும்பல. சுவத்தப் பாத்துட்டுப் படுத்திருந்தான்.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“நான்தான் அடிச்சேன். இந்தக் கையால. கைய உதைச்சது நுமதா அண்ணன். எல்லாரும் நின்னோம். பதினாலு பேரும்.”

உள்ளே நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. வெளியே வரிசையில் நின்றவர்களில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஓய்கவா கதவைத் திறந்துகொண்டு வந்தான். நுமதா இரண்டு எட்டில் அவனை அடைந்து சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். தலை சுவரில் பட்டுத் திரும்பி வந்தபோது முகத்தில் குத்தினான். இன்னும் ஒன்று. மூக்கு உடைந்தது. ஓய்கவா கையை உயர்த்தவேயில்லை. மூன்றாவது குத்துக்குத் தெரூயோ நடுவில் வந்துவிட்டார். அது அவர் வாயில் விழுந்தது. அவர் உட்கார்ந்தார். தரையில் கைவைத்துத் தேடிப் பல் ஒன்றை எடுத்தார்.

நுமதா தன் முஷ்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதினெட்டு வயது. அழும்போது பன்னிரண்டு வயதுபோல இருந்தான்.

“ரெண்டு வருஷம் அத்தே. எல்லா அடியும் வாங்குனேன். ஒரு வார்த்த சொல்லல. தண்ணி கேக்கல. இந்த ஒரு கோடைக்காகத்தான் வாங்குனேன்.”

“தெரியும்டா,” என்றார் தெரூயோ. வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. “நீ வாங்குனத நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். உனக்காக நான் எங்கயும் போகல.”

சகுராபா கதவருகில் கைகட்டி நின்றார். அவர் அன்று ஒருவரையும் அடிக்கவில்லை. என்றைக்கும் அடித்ததில்லை என்று பிறகு எழுத்தில் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து மலைப்பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்று அவரைப் பூங்கொத்தோடு வரவேற்று எடுத்துக்கொண்டது. அந்த ஊர்ச் செய்தியாளர் அவரை “கண்டிப்பானவர்” என்று எழுதியிருந்தார்.

ஹமாசோரி அணிக்கு ஓராண்டு விலக்கு. மூன்றாம் ஆண்டுப் பையன்களுக்கு அது ஆயுள் விலக்கு. தெரூயோவின் வீட்டு ஜன்னல்களை அந்த மாதத்தில் மூன்று முறை உடைத்தார்கள். ஒரு பையனின் தாய் சந்தையில் அவர் முகத்தில் துப்பினாள். கடவுளின் சாபம் என்று யாரோ கோயிலில் பலகை எழுதித் தொங்கவிட்டார்கள். அவர் போய் அதை வாசித்துவிட்டு, “எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருக்கான், வணிகப் பள்ளியில படிச்சவன்தான்,” என்று என்னிடம் சொன்னார். குமகாயின் இடது காது திரும்பவில்லை. முழங்கை பாதிதான் மடங்கும். அவன் பள்ளியை விட்டு, அப்பாவின் படகில் கணவாய் பிடிக்கப் போனான். ஓய்கவா கூடவே போகக் கேட்டான். குமகாயின் அப்பா கதவைச் சாத்தினார். இது ஒன்றையும் தெரூயோ நியாயம் கிடைத்தது என்று சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். நாற்பது பேரைத் தண்டித்து ஒருவனைத் தப்பவிட்ட தீர்ப்புக்கு நியாயம் என்று பெயர் வைக்க என் பேனா ஒப்பாது.

ஆனால் அந்த வியாழக்கிழமைச் சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். வேலையிலிருந்து நீக்கும் கடிதம் அவருக்கு மறுநாள்தான் வந்தது. அதனால் அன்றைக்கும் சமைத்தார். வீங்கிய வாயோடு அரிசி கழுவி, மிசோ சூப் வைத்து, மீன் பொரித்தார். என்னைக் கூடவே இருக்கச் சொன்னார். தனியாக இருக்கப் பயந்தார் என்று நினைக்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை, “பாத்திரம் தூக்க ஆளில்ல” என்றார்.

அன்று பயிற்சி இல்லாததால் ஆறு மணிக்கே பையன்கள் வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஓய்கவா மூக்கில் பஞ்சோடு கடைசி மேசையில் தனியாக. சோறு வைத்தோம். தராசில் நிறுக்கவில்லை. யாரும் கை வைக்கவில்லை. மற்ற முப்பத்தெட்டுப் பேரும் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர் கையால் இனிமேல் சாப்பிடுவதில்லை என்று மைதானத்தில் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தார்கள். சூப்பின் ஆவி நின்றது. மீன் ஆறியது.

தெரூயோ அடுப்பை அணைத்துவிட்டு நடுக்கூடத்துக்கு வந்தார். பேசினால் வலித்திருக்க வேண்டும், மெதுவாகத்தான் பேசினார்.

“பசிச்சாச் சாப்பிடுங்க. பசிக்கலன்னா எந்திரிச்சுப் போங்க. எவ்வளவு வேணுமோ அவ்வளவு போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

அந்தக் கூடத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் கேட்டதில்லை. இரண்டாம் ஆண்டுப் பையன்கள் மூன்றாம் ஆண்டுப் பையன்களைப் பார்த்தார்கள். அவர்கள் நுமதாவைப் பார்த்தார்கள். நுமதா சகுராபாவின் நாற்காலியைப் பார்த்தான். அது காலியாக இருந்தது. என்ன செய்வதென்று ஒருவனுக்கும் தெரியவில்லை. கடிகாரத்தில் பத்து நிமிடம் போயிருக்கும்.

பிறகு முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன், பெயர்கூட எனக்குத் தெரியாது, எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே நடந்தான். நடக்கும்போது தோள்களைக் குறுக்கிக்கொண்டே நடந்தான், பின்னாலிருந்து ஏதோ வரும் என்பதுபோல. ஒன்றும் வரவில்லை. வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அதற்குள் இன்னொருவன் சோற்றை எடுத்து வாயில் வைத்துவிட்டிருந்தான்.